ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ஊர் எப்படி இருக்கும்?

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்.

"டாக்டர், அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகறேன். சிட்டி போதும்னு ஆயிடுச்சு. அமைதியா ஒரு சின்ன ஊர்ல செட்டில் ஆகலாம்னு இருக்கேன். வால்பாறை போகலாமா, இல்ல பூர்வீகம் கமுதிப் பக்கமே போயிடவா? எதுல வாழ்க்கைத் தரம் நல்லா இருக்கும்?"

அவர் மனதில் ஏற்கெனவே விடை இருந்தது. ஒன்று பச்சைப் பசேல் என்று, குளுகுளுன்னு இருக்கும் ஊர். இன்னொன்று வெயிலும் சீமைக் கருவேலமும். இதில் கேட்க என்ன இருக்கு?

ஆனால் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

காரணம், இந்த ரெண்டு ஊரையும் நான் சுற்றுலாப் பயணியாக அறிந்தவன் இல்லை. என்னிடம் வந்த நோயாளிகள் வழியாக அறிந்தவன். அதில் ரெண்டு பேரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

முதல் ஆள், தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயசு.

2007-இல் நான் கோவையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். விடியற்காலை நேரம். அந்த அம்மாவை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வந்தார். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் பெரிய மாரடைப்பு. முந்தின நாள் சாயங்காலம், பறித்த கொழுந்தை எடை போட்டுட்டு வரும்போதே நெஞ்சில் அழுத்தம் ஆரம்பித்திருக்கிறது.

நான் கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். "ஏம்மா, இவ்வளவு லேட்டாவா கூட்டிட்டு வருவீங்க?"

மகள் சொன்ன பதில் ஒரே வரி. "மலையில இருந்து வர்றோம் சார்."

வால்பாறையில் இருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியில் இருந்து கோவை இன்னும் 40 கிலோமீட்டர். ராத்திரி, மழை, மூடுபனி, வழியில் யானை. அப்போது தமிழகத்தில் 108 சேவையே வரவில்லை. அது 2008-இல்தான் வந்தது. ஒரு ஜீப்பைப் பேசிப் பிடித்து இறங்குவதற்கே நேரம் போய்விட்டது.

அந்த அம்மா பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்பிங் திறன் பாதியாகிவிட்டது. மேடு ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்க இனி முடியாது.

டிஸ்சார்ஜ் அன்றுதான் மகள் அழுதார். "வேலைக்குப் போகலைன்னா லைன் வீட்டைக் காலி பண்ணணும் சார். எங்களுக்கு வேற வீடு இல்ல."

மாரடைப்புக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் மருந்து இருந்தது. இதற்கு இல்லை.

ரெண்டாவது ஆள், கமுதிப் பக்கத்து கிராமத்துப் பெரியவர். கரிமூட்டம் போடுகிறவர். அறுபதை நெருங்கிய வயசு. இது போன வருஷம் நடந்தது. இப்போது நான் வேலை பார்ப்பது தென் மாவட்டத்தில்.

ராத்திரி பத்து மணிக்கு நெஞ்செரிச்சல். "வாயுவா இருக்கும்"னு சோடா குடித்திருக்கிறார். ஓமத் தண்ணியும் ஆச்சு. வலி அடங்கவில்லை. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரு மகன் திருப்பூரில், இன்னொரு மகன் துபாயில்.

அந்த அம்மா திருப்பூர் மகனுக்குப் போன் போட்டார். நைட் ஷிப்ட், எடுக்கவில்லை. துபாய் மகன் எடுத்து, தன் நண்பனைத் தேடி, அவன் வெளியூரில் இருந்து, இன்னொருவரைத் தேடி... கடைசியில் "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று ஆகிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தார்கள்.

இங்கே கொண்டை ஊசி வளைவு கிடையாது. சமதளச் சாலை. கூப்பிட்டிருந்தால் 108 வந்திருக்கும். சாலை இருந்தது, வண்டி இருந்தது. "கிளம்புங்க, இது வாயு இல்ல" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

பெரியவர் ரெண்டாம் நாள் இறந்து போனார். துபாயில் இருந்து மகன் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

இப்போது சொல்லுங்கள், இந்த ரெண்டு ஊரில் எது நல்ல ஊர்?

ஒருத்தருக்கு எமனாக வந்தது மலைப்பாதை. இன்னொருத்தருக்கு எமனாக வந்தது ஆளில்லாத வீடு. ரெண்டுமே தூரம்தான். ஆனால் ஒரே தூரம் இல்லை.

அரசாங்கக் கணக்கில் இது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

2018-இல் மத்திய அரசு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். கமுதி இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில். அதனால் கமுதியின் கஷ்டம் ஒரு பட்டியலில் இருக்கிறது. ஆட்சியர் கூட்டங்களில் பேசப்படுகிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. ரெண்டு மாவட்டத்துக்கும் அதில் ஒவ்வொரு கல்லூரி கிடைத்தது.

வால்பாறை இருப்பதோ கோயம்புத்தூர் மாவட்டத்தில். தமிழ்நாட்டின் பணக்கார மாவட்டங்களில் ஒன்று. மாவட்ட சராசரி எடுத்தால் எல்லாம் ஜோராக இருக்கும். அவினாசி சாலை மருத்துவமனைகளையும் மலையில் இருக்கும் லைன் வீட்டையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் வருவதுதான் சராசரி. அந்தச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

மக்கள் தொகைக் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2001-இல் வால்பாறை நகராட்சியில் சுமார் 95 ஆயிரம் பேர். 2011-இல் சுமார் 71 ஆயிரம் பேர். பத்தே வருஷத்தில் நாலில் ஒருத்தர் ஊரை விட்டுப் போய்விட்டார். போர் இல்லை, பூகம்பம் இல்லை. சத்தமில்லாமல் பஸ் ஏறி இறங்கிப் போய்விட்டார்கள்.

ஏன் போனார்கள்? கூலி கட்டுப்படியாகவில்லை. படித்த பிள்ளைகள் கொழுந்து பறிக்க விரும்பவில்லை. சிறுத்தை பயம், யானை பயம். எல்லாவற்றுக்கும் மேல், ஆயுசு முழுக்க உழைத்தாலும் ரிட்டையர் ஆகும் நாளில் சொந்தமாக ஒரு கூரை இல்லை. விட்டுப்போன இடத்தில் இன்று அசாம், ஜார்கண்ட் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

டாக்டர் பி.எச். டேனியல் என்று ஒரு மருத்துவர். 1940-களில் இந்த மலையின் எஸ்டேட்களில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதை வைத்து 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'. தெற்கத்திச் சீமையின் வானம் பார்த்த பூமியில் இருந்து பஞ்சம் பிழைக்க மலை ஏறியவர்களின் கதை.

அதாவது, மழை இல்லாத தென் சீமையில் இருந்து தாத்தாக்கள் மழை கொட்டும் மலைக்குப் போனார்கள். அந்த மலையில் இருந்து பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். கமுதிப் பிள்ளைகளும் அதே திருப்பூருக்குத்தான் போகிறார்கள். என் நண்பர் 'எது நல்லா இருக்கும்' என்று தேடும் ரெண்டு ஊரில் இருந்தும் பிள்ளைகள் ஒரே ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

கமுதிப் பக்கம் உள்ளவர்களுக்குக் குறை வேறு. கண்மாயை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் கரிமூட்டம். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணிக்கு அலையும் பெண்களை இன்றும் பார்க்கலாம். நல்ல தண்ணி குடம் கணக்கில் காசுக்கு. வெயிலில் வேலை, குடிப்பதோ அளந்து. சிறுநீரகக் கல்லோடு இந்தப் பக்கத்தில் இருந்து வருபவர்களைப் பார்க்கும்போது "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

அதே வெயிலில்தான் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் கமுதியில் வந்தது. பெரிய விஷயம். ஆனால் பேனல் மாட்டி முடித்த பிறகு அதில் நிரந்தர வேலை எத்தனை பேருக்கு இருக்கும்? மின்சாரம் ஊரை விட்டு வெளியே போகிறது. பிள்ளைகளும் போகிறார்கள்.

நியாயமாகப் பேசினால், ரெண்டு ஊருக்கும் பலமும் உண்டு.

கமுதிப் பக்கத்துப் பெரியவருக்கு ஓட்டு வீடு என்றாலும் அவருடைய வீடு. யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. அருப்புக்கோட்டை சுமார் 30 கிலோமீட்டர், மதுரை சுமார் 80 கிலோமீட்டர். போக வழி உண்டு.

வால்பாறையில் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1951-இல் இருந்தே இருந்தது. வீடு, மருத்துவ வசதி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று வைத்த சட்டம். யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. உயிர் காக்கும் நல்ல வேலை அது.

பொதுவாகத் தமிழ்நாடு செய்திருப்பதும் குறைவில்லை. 2021-இல் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் கிடைக்கிறது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரைகள். (இதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அங்கே பரிசோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.)

ஆக, ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பது நடுராத்திரியில் கையில் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அதனால் ஒரு ஊரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க நான் அஞ்சு கேள்விகள் வைத்திருக்கிறேன். உங்க ஊருக்கும் கேட்டுப் பாருங்கள்.

1. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் இடம் எவ்வளவு நேரத்தில் இருக்கிறது? கிலோமீட்டர் வேண்டாம், நிமிஷத்தில் சொல்லுங்கள்.

2. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ரத்தம் எங்கே கிடைக்கும்? இதில் ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு தாயை இழந்துவிட வாய்ப்பு உண்டு.

3. ஒரு குடும்பம் நல்ல தண்ணிக்கு மாசம் எவ்வளவு செலவு செய்கிறது, எத்தனை மணி நேரம் அலைகிறது?

4. வேலை நின்ற மறுநாள் அந்த மனிதர் எந்தக் கூரையின் கீழ் படுப்பார்?

5. தனியாக இருக்கும் வயசானவர் வீட்டுக் கதவை, ஒரு நாள் திறக்காவிட்டால், யார் வந்து தட்டுவார்?

இதில் ஒரு கேள்விக்கும் மாவட்ட சராசரி பதில் சொல்லாது. வார்டு வார்டாக, தெருத் தெருவாகத்தான் பதில் கிடைக்கும்.

"சின்ன ஊருக்கெல்லாம் கேத் லேப் வைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பீர்கள்.

வேண்டாம். எல்லா ஊரிலும் கேத் லேப் வைப்பது நடைமுறைக்கு ஆகாது, தேவையும் இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். அதற்கு வேண்டியது 24 மணி நேரமும் ஈசிஜி, அதைப் படித்துச் சொல்ல போன் முனையில் ஒரு நிபுணர், ஊசி, போடத் தெரிந்த மருத்துவர், பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். கட்டடத்தை விட ஆள் முக்கியம். சின்ன ஊரில் தங்கி வேலை பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் குடியிருக்க நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். அது இல்லாமல் "டாக்டர் ஏன் தங்க மாட்டேங்கறார்" என்று கேட்டுப் பயனில்லை.

ஓட்டு கேட்டு வருபவர்களிடம் சிமெண்ட் ரோடும் ஹைமாஸ் விளக்கும் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இந்த அஞ்சையும் கேளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு இன்றைக்கே போன் போட்டு மூணு விஷயம் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல் இருந்தால் சோடா வேண்டாம். எங்களைக் கேட்க வேண்டாம். முதலில் 108. அப்படியே பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் விஷயத்தில் குறைந்தது இந்த ஒரு நம்பர்தான்.

கடைசியில் நண்பருக்கு என்ன சொன்னேன்?

"உங்ககிட்ட கார் இருக்கு, பென்ஷன் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. பக்கத்துல ஓட்டத் தெரிஞ்ச ஓர் ஆளையும் பழக்கம் பிடிச்சுக்கிட்டா, ரெண்டு ஊருமே உங்களுக்கு ஓரளவு நல்ல ஊர்தான். எங்க வேணும்னாலும் போங்க. ஆனா எந்த ஊர் நல்ல ஊர்னு மட்டும் உங்க பர்ஸை வச்சு அளக்காதீங்க. அங்க கார் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பண்றார்னு பாருங்க. அதுதான் அந்த ஊரோட தரம்."

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ கமுதிக்கே போறேன் டாக்டர். நம்ம கார் ராத்திரி சும்மாதானே நிக்கப் போவுது?"

அந்த ஊருக்கு நடுராத்திரியில் ஒரு வண்டி கூடியிருக்கிறது.

உங்க ஊருக்கு இந்த அஞ்சு கேள்விக்கும் என்ன பதில் என்று கமெண்டில் எழுதுங்கள். படிக்கிறேன்.