பாடி ஓ.கே... இன்ஜின்?

வீக் எண்டுன்னா அமிர்தி ஃபால்ஸுக்கு பைக்கைக் கிளப்புற மெக்கானிக்கல் மக்களே... ஒருதடவை வேலூர்ல பஸ் பிடிச்சு, பெங்களூரு ஹெச்.ஏ.எல். மியூசியம் போயிட்டு வாங்க. அங்கே நிக்குது ‘மாருத்’ போர் விமானம். செம ஸ்லிம்! ஜெர்மன் டிசைனர் கர்ட் டாங்க், நம்ம ஆட்களோட சேர்ந்து உருவாக்கினது. 1961 ஜூன்ல முதல் முறையா பறந்துச்சு.

ஒலியைவிட இரு மடங்கு வேகம்தான் டார்கெட். ஆனா, நம்பியிருந்த பிரிட்டிஷ் ‘ஆர்ஃபியஸ் 12’ இன்ஜினை டெவலப் பண்ண நம்மகிட்டயே பணம் கேட்டாங்க. டெல்லி கொடுக்கலை. ப்ராஜெக்ட் க்ளோஸ்! சக்தி குறைஞ்ச பழைய ஆர்ஃபியஸ் ரெண்டை மாட்டினாங்க. ஒலியின் வேகத்தைத் தொடவே மூச்சு வாங்குச்சு. (ஆட்டோ இன்ஜின் வெச்ச லாரி!) அப்படியும் 1971 போர்ல கலக்குச்சு.

இன்னிக்கு நம்ம தேஜஸ் பறக்கிறதும் அமெரிக்க இன்ஜின்லதான். தெர்மோடைனமிக்ஸ் அரியர் பார்ட்டிகளே... வேகன்ஸி இருக்கு!