எம்பிக்கு ஐந்து ஆண்டு, காவலாளிக்கு எத்தனை?

2008 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு கோலாலம்பூர் கம்போங் பாருவில் பெருங்கூட்டம் திரண்டது. ஊழல் வழக்கில் அன்வார் இப்ராஹிமுக்கு விதிக்கப்பட்ட தண்டனை 2003இல் முடிந்திருந்தது. அதிலிருந்து எண்ணி ஐந்து ஆண்டு நிறைந்து, அவர் மீண்டும் தேர்தலில் நிற்கலாம் என்றான நாள் அது. ஆகஸ்டிலேயே பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் வென்றார். பிறகு இன்னொரு வழக்கில் சுங்கை பூலோ சிறைக்குப் போய், 2018இல் மாமன்னரின் மன்னிப்போடு வெளியே வந்து, 2022இல் பிரதமரானார்.

அந்த ஐந்து ஆண்டுக் கெடு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவில் இருக்கிறது. நாட்டுக்குச் சட்டம் செய்ய வருபவரின் தண்டனையை இவ்வளவு காலத்துக்குப் பிறகு பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறோம். அடுக்குமாடி வாசலில் இரவுக் காவலுக்கு உட்கார வருபவருக்கு அப்படி ஒரு கெடுவும் இல்லை.

குற்றவாளிகள் பதிவை நடத்துவது 1969ஆம் ஆண்டுச் சட்டம். கைரேகையோடு ஏறும் பெயர், காலம் போனதால் மட்டும் தானாக இறங்குவதில்லை. பத்தொன்பது வயதில் 379ஆம் பிரிவில், அதாவது சாதாரணத் திருட்டில், மூன்று மாதம் உள்ளே இருந்தவரை நாற்பத்தைந்து வயதிலும் அது பின்தொடரும். செக்யூரிட்டி வேலைக்குப் போலீஸ் சோதனை உண்டு. கிராப் ஓட்டலாம் என்றால், 2019இலிருந்து அதற்கும் பிஎஸ்வி உரிமமும் குற்றப்பதிவுச் சோதனையும் வேண்டும். வேலை விண்ணப்பம் பலவற்றில், நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ‘யா’, ‘தீடாக்’ என இரண்டு கட்டங்கள். ‘யா’வில் கோடு போட்டால் கூப்பிடமாட்டார்கள். ‘தீடாக்’கில் போட்டுப் பின்னால் தெரிந்தால், பொய் சொன்னதாக வேலை போகும். மிஞ்சுவது கார் கழுவும் கடை, லோரி அட்டெண்டன்ட், பழைய இரும்பு. இபிஎஃப் கிடையாது, சொக்சோ கிடையாது, கையில் நாள் சம்பளம்.

மலேசியச் சிறைகளில் கொள்ளளவை மீறி 80,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிக்கும் மேல் போதைப்பொருள் வழக்குகள். அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் சிக்க, கையில் பொட்டலம் இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்ச் சோதனை போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளான், பூச்சோங் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு எண்கள் நன்றாகத் தெரியும். தண்டனையே பெறாதவர்களும் உண்டு. போக்கா எனப்படும் 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை அடைக்கலாம். அல்லது காலில் மின்னணுக் கருவியைப் பூட்டிச் சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாம். மாலையில் வீடடங்க வேண்டிய அந்தப் பையனுக்கு எந்தத் தொழிற்சாலை ஷிப்ட் கொடுக்கும்?

நம் உரிமைப் போராட்டங்கள் இந்த இடத்துக்கு அதிகம் வருவதில்லை. கைதின்போதும் காவலிலும் நடப்பதற்கு எதிராக நாம் திரளாக நின்றிருக்கிறோம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் மாண்ட குகனுக்காகத் தெருவில் இறங்கினோம். அதே ஆண்டு மே மாதம் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் தலைமையகத்தில் கைதானவர்களைப் பார்க்க வந்த சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஐந்து பேரையே போலீஸ் பிடித்து வைத்தபோது மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. பாதுகாப்புக் குற்றச் சட்டமான சொஸ்மாவை எதிர்க்கும் குடும்பங்கள் இன்றும் சிறை வாசலில் உட்காருகின்றன. எல்லாம் வேண்டியவையே. ஆனால் அவர்கள் ‘நம் ஆட்கள்’; செயினை அறுத்துவிட்டுக் கம்பி எண்ணி வந்தவன் நம் ஆள் இல்லை.

கிள்ளான் இதற்கு நல்ல சாட்சி. ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் 2007 டிசம்பரில் இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். முகாமுக்குள் இருந்தபடியே எம். மனோகரன் கோத்தா ஆலாம் ஷா தொகுதியை 2008 மார்ச்சில் வென்றார். அதே முகாமிலிருந்து வந்த வி. கணபதிராவ் பின்னர் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகி, மாநில ஆட்சிக்குழுவில் இருந்து, 2022இல் கிள்ளான் எம்பியானார். உள்ளே இருந்துவிட்டு வந்தவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கக் கிள்ளான் வாக்காளருக்குத் தெரியும். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாதவர்கள் அவர்கள் என்பது உண்மைதான். தண்டனையை அனுபவித்து முடித்தவனின் கணக்கு மட்டும் எப்போது தீரும் என்பதே என் கேள்வி.

வேலை கொடுப்பவரின் பயம் பொய்யில்லை. தாலிச் செயினைப் பறிகொடுத்தவரின் கோபமும் பொய்யில்லை. அதனால்தான் இதைச் சட்டத்தால் வரையறுக்க வேண்டும் என்கிறேன். அப்படி ஒரு சட்டத்தைப் பிரிட்டன் 1974இலேயே இயற்றிவிட்டது. போதைப்பொருள் வழக்கில் மலேசியரான நாகேந்திரன் தர்மலிங்கத்தை 2022இல் தூக்கிலிடத் தயங்காத சிங்கப்பூர்கூட, 2005இலிருந்து மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனையை, ஐந்து ஆண்டு குற்றமின்றி இருந்தால், முடிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறது. கடுங்குற்றங்களுக்கு அங்கே சலுகை இல்லை, இங்கும் வேண்டாம். குழந்தைகளுக்கு எதிரான குற்றவாளிகளின் பதிவேடு அப்படியே இருக்கட்டும்.

மக்களவையில் தனிநபர் மசோதா விவாதத்துக்கு வருவதே அபூர்வம். ஆகவே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டியது உள்துறை அமைச்சு. சிலாங்கூர் அரசு அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதல் விண்ணப்பத்தில் ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்வி கூடாது என்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 1998இலேயே சட்டம் போட்டது. ஆளைத் தேர்ந்தபிறகு, அந்த வேலைக்குத் தொடர்பிருந்தால் மட்டும் கேட்கலாம். மாநிலத்தின் துணை நிறுவனங்களிலும் கிள்ளான் மாநகர் மன்றத்தின் ஒப்பந்தக்காரர்களிடமும் இதை நடைமுறையாக்க நாடாளுமன்றம் தேவையில்லை. ஆட்சிக்குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும்.