எந்தக் கிலோமீட்டரில் அறை?

சென்ற மாதத் தபாலில் வந்த கடிதங்களுள் ஒன்று இம்மாதப் பக்கத்தை முழுமையாகத் தனக்கென எடுத்துக்கொண்டது. எழுதியவர் ஒரு சகோதரி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் மகன் வீட்டிற்குச் சென்றிருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு மெக்சிகோ நாட்டின் கான்கூன் நகருக்குச் சென்று நான்கு இரவுகள் தங்கி வரத் திட்டம். மகன் ஒரு விடுதியை விரும்புகிறார். மருமகள் வேறொன்றை விரும்புகிறார். இரண்டுமே கடற்கரை விடுதிகள். இரண்டின் படங்களிலும் அதே நீலக் கடல், அதே வெண்மணல். “எழுபத்தைந்து வயதான என் மாமியும், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பேரப்பிள்ளைகள் இருவரும் உடன் வருகிறார்கள். மாமிக்கு முழங்கால் வலி. ஆனாலும் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எந்த விடுதி நல்லது?” என்பது கேள்வி.

படத்தைப் பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுத்து அவதியுற்றவன் என்ற தகுதி ஒன்றே இதற்கு விடையெழுத எனக்கு உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதே கான்கூனுக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். விடுதியின் பெயர் இங்கு வேண்டாம். குற்றம் பெரும்பாலும் என்னுடையது. ஆறாம் மாடியில் அறை. கதவைத் திறந்தால் கண்கொள்ளாக் கடல். ஆனால் கரை நெடுகிலும் செம்பழுப்பு நிறத்தில் பாசி முழங்கால் உயரம் குவிந்து கிடந்தது. அழுகிய முட்டையின் வாடை மாடி வரை வந்தது. அதை மிதித்துக் கடந்து நீரருகே போனால், அங்கே சிவப்புக் கொடி பறந்தது. இரண்டு நாட்கள் கொடி மாறவே இல்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்திலேயே பொழுதைக் கழித்தனர். உம்மா மாடத்தில் அமர்ந்து, “குளத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று ஒருமுறை கேட்டார்கள். அதன்பின் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

ஊர் திரும்பிய பின்னரே அந்நகரின் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தேன். செல்வதற்கு முன் பத்து நிமிடங்கள் பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

கான்கூன் தானாக வளர்ந்த ஊர் அன்று; திட்டமிட்டு எழுப்பப்பட்டது. மெக்சிகோவின் மத்திய வங்கி நடத்திய ஆய்வின் பேரில் இடம் தெரிவு செய்யப்பட்டு, 1970இல் பணிகள் தொடங்கி, 1974இல் முதல் விடுதிகள் திறக்கப்பட்டன. அதற்கு முன் அங்கே சில மீனவர்களும் தென்னைகளும் மட்டுமே. விடுதிகள் நிற்கும் பகுதி ஒரு நீண்ட மணல் திட்டு. ஒருபுறம் கரீபியன் கடல். மறுபுறம் நிச்சுப்தே என்னும் உப்பங்கழி. வானிலிருந்து பார்த்தால் 7 என்ற எண்ணைப் போலவே இருக்கும். மேலுள்ள சிறு கோடு கிழக்கு மேற்காகச் சென்று வடக்குக் கடலைப் பார்க்கிறது. கீழிறங்கும் நீண்ட கோடு வடக்குத் தெற்காகச் சென்று கிழக்குக் கடலைப் பார்க்கிறது. இதன் முழு நீளத்திற்கும் குக்குல்கான் என்ற ஒரே நெடுஞ்சாலை. விடுதிகளின் முகவரியில் கதவு எண்ணைவிட முக்கியமாக இருப்பது அச்சாலையின் கிலோமீட்டர் எண்தான். எண்ணிக்கை நகரத்தின் பக்கம் தொடங்கித் தெற்கு நோக்கி ஏறுகிறது.

சகோதரியின் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்குமுன், எத்தனையாவது கிலோமீட்டர் என்று பாருங்கள்.

ஏறத்தாழ 3ஆம் கிலோமீட்டரிலிருந்து 8ஆம் கிலோமீட்டர் வரை உள்ளவை வடக்குக் கரை விடுதிகள். லங்கோஸ்தா கடற்கரை 5ஆம் கிலோமீட்டரிலும், தோர்துகாஸ் கடற்கரை 6ஐ ஒட்டியும் உள்ளன. எதிரே கடலுக்குள் முஹேரெஸ் தீவு நீளவாக்கில் கிடந்து, அலைகளின் வேகத்தைத் தடுத்துவிடுகிறது. இங்கே நீர் ஆழமற்றது. பெரும்பாலான நாட்களில் குளம்போல் அமைதியானது. குறைகளும் உண்டு. கரை அகலம் குறைவு. படகுத்துறைகள் இருப்பதால் படகுகளின் இரைச்சல் கேட்கும். சில இடங்களில் காலடியில் கடற்புல் தட்டுப்படும். இங்குள்ள கட்டடங்களிற் பல பழையவை என்பதால் படங்களில் எடுப்பாகத் தெரிவதில்லை. பலரும் இவற்றைத் தள்ளிவிட்டுக் கீழே செல்வதற்கு அதுவே காரணம். நானும் அப்படித்தான் சென்றேன்.

10ஆம் கிலோமீட்டருக்குப் பின்னர், திட்டின் தென்முனையான நிசூக் வரை, எல்லாம் கிழக்குக் கரை. விளம்பரப் படங்களில் நாம் காணும் கான்கூன் இதுவே. அகன்ற வெண்மணல், கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சை நிறம். வெயிலிலும் அந்தச் சுண்ணாம்பு மணல் காலைச் சுடுவதில்லை என்பது தனி இன்பம். ஆனால் எதிரே தடுப்பு ஏதுமில்லை. திறந்த கடலின் அலை நேரே வந்து மோதுகிறது. அடி வைத்ததும் ஆழம் கூடுகிறது. கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்கள் உண்டாகின்றன. ஆகவேதான் கரையில் கொடிகள். பச்சை என்றால் இறங்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பு என்றால் இறங்கவே கூடாது. நன்கு நீந்தத் தெரிந்த இளைஞர்களுக்கு மஞ்சள் கொடி ஒரு பொருட்டன்று. மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்திருக்கும் பாட்டிக்கு அது போதுமான தடை.

இரு கோடுகளும் சேரும் மூலை, அதாவது 9ஆம் கிலோமீட்டரின் சுற்றுப்புறம், இரவு நடன அரங்குகளின் இருப்பிடம். விடியும்வரை ஓயாது. மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையைக் கொண்டாடத் திரளும்போது சொல்லவே வேண்டாம். குடும்பத்தோடு செல்பவர் அம்மூலையை விட்டு இரண்டு கிலோமீட்டராவது தள்ளி இருப்பது நலம்.

எண்ணுக்கு அடுத்தபடி மாதம். கரையைக் கெடுக்கும் அந்தப் பாசிக்குச் சர்காசம் என்று பெயர். நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சி ஆறவைக்கும் கடல்பாசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வேறு இனம். அட்லாண்டிக் பெருங்கடலில் மிதந்து வளர்ந்து, 2011 முதல் கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்கத் தொடங்கியது. 2015இலும் 2018இலும் மிக அதிகம். பொதுவாக ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை இதன் காலம். கிழக்கைப் பார்த்த கரை முழுவதும் இதற்கு ஆளாகிறது. தீவின் மறைவில் இருக்கும் வடக்குக் கரைக்கு வருவது குறைவு. விடுதி ஊழியர்கள் விடியற்காலையில் வாரி அகற்றுகிறார்கள். மெக்சிகோக் கடற்படை கடலிலேயே அள்ளுகிறது. மிதவைத் தடுப்புகள் கட்டுகிறார்கள். எனினும் காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் மாலைக்குள் மீண்டும் குவியும். ஜூலையில் கிழக்குக் கரைக்குச் சென்ற என் அறியாமையை இப்போது அளந்து பார்க்கலாம்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலமும் ஆகும். 2005 அக்டோபரில் வில்மா என்னும் கடும்புயல் கான்கூனின் மேல் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்று, கிழக்குக் கரையின் மணலை வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொணர்ந்து 2006இலும், மறுபடி 2009–2010இலும் கொட்டிக் கரையைப் புதுப்பித்தார்கள். ஆதலால், விடுதிக்கு முன்னால் அகன்ற மணல்வெளி தெரியும் படம் எந்த ஆண்டு எடுத்தது என்பது வீண் ஆராய்ச்சி அன்று. சென்ற மாதம் தங்கியவர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

சகோதரி செல்லவிருக்கும் டிசம்பரில் பாசித் தொல்லை பெரும்பாலும் இராது. புயல் காலமும் முடிந்திருக்கும். ஆனால் ‘நோர்தே’ என்று அங்குள்ளோர் சொல்லும் காற்று உண்டு. நம் வாடைக்காற்றைப் போன்று வடக்கிலிருந்து வருவது. அது வீசும் ஓரிரு நாட்கள் வடக்குக் கரையின் அமைதியும் கலையும். குளிரும் சற்றுத் தெரியும். நான்கு இரவுகளில் ஒரு நாள் அப்படிப் போகக்கூடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அப்படியிருந்தும், என்னைக் கேட்டால், முழங்கால் வலியுள்ளவர்க்கும் சிறு பிள்ளைகளுக்கும் வடக்குக் கரையையே சொல்வேன். வாலிபப் பிள்ளைகள் மட்டும் செல்வதானால் தயங்காமல் கிழக்கைச் சொல்லியிருப்பேன்.

நான்கு இரவுகள் என்பதை நான்கு நாட்கள் எனக் கணக்கிட வேண்டாம். அறை கொடுப்பது பிற்பகல் 3 மணிக்கு. வெளியேற வேண்டியது முற்பகல் 11 அல்லது நண்பகல் 12 மணிக்கு. கைக்கு வருபவை மூன்று முழு நாட்களே. ஆகவே பத்து உணவகங்களும் ஐந்து குளங்களும் கொண்ட மாபெரும் விடுதி நமக்கு எதற்கு? அறையிலிருந்து மணலுக்குப் போகவே கால் மணி நேரம் நடக்க வேண்டிய வளாகங்கள் உண்டு. பதிவு செய்யுமுன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை சிலவே: தரைத்தளத்தில் அல்லது மின்தூக்கிக்கு அருகில் அறை கிடைக்குமா, மணலில் இறங்க எத்தனை படிகள், படிக்குக் கைப்பிடி உண்டா. ‘கடல் தெரியும் அறை’ என்பதும் ‘கடலை நோக்கிய அறை’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. முன்னதில், மாடத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் கடல் தெரியும். உப்பங்கழியைப் பார்த்த அறைகள் விலை மலிவு, காட்சியும் அழகே. ஆனால் அந்தக் கழியில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகைகளைக் கரையில் காணலாம். பிள்ளைகளை அப்பக்கம் விளையாட விடலாகாது.

அடுத்து, கட்டணம். உணவு, பானம் யாவும் அடங்கிய ஒரே கட்டணம் என்பது கான்கூனில் மிகப் பரவலானது. கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். பின்னர் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அக்கட்டணத்தில் ஒரு பங்கு மதுபானத்திற்காக வைக்கப்படுவது. அதைத் தொடாத நம் குடும்பங்கள், அடுத்த மேசைக்காரர் அருந்துவதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகின்றன! அன்றியும், உண்ணக்கூடியது எது என்று ஆராய்ந்து தட்டில் எடுத்துக்கொள்ளும் நமக்கு அத்தனை வகைகளும் கணக்கில் மட்டுமே சேரும். அறையும் காலை உணவும் மட்டும் அடங்கிய விடுதியே நமக்கு ஆதாயம் என்பது என் கருத்து. மருமகள் விரும்பும் விடுதி அவ்வகையானால் என் வாக்கு அவருக்கே. மகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன். சொல்லப்பட்ட விலையில் 16 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும், மாநிலத்தின் தங்கும் வரியும் சேர்ந்துள்ளனவா என்று கேளுங்கள். நகராட்சியின் சுற்றுச்சூழல் கட்டணத்தை விடுதியில் தனியே வாங்குவதுண்டு. பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறிதான். எந்த நாணயத்தில் எழுதிய விலை என்பதை வாய்விட்டுக் கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

கையிருப்புக் குறைவானோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. மெக்சிகோவில் கடற்கரை எதுவும் தனியாருக்குச் சொந்தமன்று. நீர்விளிம்பை ஒட்டிய 20 மீட்டர் நிலம் கூட்டரசின் உடைமை. வழியை மறிப்போர்க்கு அபராதம் விதிக்க 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. நகருக்குள் சிக்கனமான விடுதியில் தங்கி, ஆர்-1 அல்லது ஆர்-2 பேருந்தில் ஏறி, விரும்பிய பொதுக் கடற்கரையில் இறங்கிக்கொள்ளலாம். கிழக்குக் கரையில் 18ஆம் கிலோமீட்டரை ஒட்டிய தெல்ஃபீனெஸ் கடற்கரையில் முன்னால் விடுதி எதுவும் மறைக்காமல் கடல் விரிந்து கிடக்கிறது. பார்த்து வரவாவது செல்லுங்கள். மாமி அவர்களுக்கு நாள்தோறும் பேருந்து ஏறியிறங்குவது இயலாது என்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை.

நம் பெண்மக்கள் முழு உடையில் நீரில் இறங்குவதைக் கடலில் யாரும் தடுப்பதில்லை. நீச்சல் குளத்திற்கு மட்டும் சில விடுதிகள் உடை விதிகள் வைத்திருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது நல்லது. விசா பற்றியும் கேட்டிருந்தார். செல்லத்தக்க அமெரிக்க விசா உள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா தனியே தேவையில்லை. விமான நிலையத்தில் இறங்கியதும், இலவசக் காலை உணவு தருகிறோம், வாருங்கள் என்று புன்னகையோடு அழைப்பவர்கள் விடுதிப் பங்கு விற்பவர்கள்; அவர்களோடு அமர்ந்தால் அரை நாள் போய்விடும்.

கடிதத்தின் அடியில், மாமி சொல்லச் சொல்ல எழுதியதுபோல் ஒரு வரி: “அங்கே நமக்கு மீன் கிடைக்குமா?” தாராளமாகக் கிடைக்கும். சோள ரொட்டி அச்சமின்றி உண்ணலாம். கோதுமை ரொட்டியிலும் மசித்த அவரையிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. அதற்கு ‘மாந்தேக்கா’ என்று பெயர். “சின் மாந்தேக்கா?” என்று கேட்டால், அது சேர்க்காததா என்று பொருள். ஒரு நாள் காலை முஹேரெஸ் தீவுக்குப் படகேறுங்கள். தீவின் வடகரையில் நீர் முழங்காலளவில் வெகுதூரம் செல்கிறது. மதியம் ‘டிக்கின் ஷிக்’ என்று கேளுங்கள். முழு மீனைப் பிளந்து, அச்சியோத்தே என்னும் செந்நிற விதையரைப்பும் புளிப்பு நாரத்தைச் சாறும் தடவி, வாழை இலையில் பொதிந்து தணலில் சுட்டுத் தருவார்கள். உம்மா அந்தப் பயணத்தில் மனம் நிறைந்து உண்டது அந்த ஒரு வேளைதான், இலையைப் பிரித்ததும், “இதை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்கள்.