பேரு யாருதுங்க?

நம்ம பசங்க லோகோவுக்கு ஒரு மாசம் உட்காருவாங்க. டிரேட்மார்க்னா "அப்புறம் பாத்துக்கலாம்"பாங்க. கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, ஜிஎஸ்டி வாங்கியாச்சு, அதனால பேரு நம்மளுதுன்னு நெனைக்காதீங்க. அது வேற, இது வேற. தனிநபரோ ஸ்டார்ட்டப்போ ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானா 10 வருஷம் செல்லும்.

'கோவை'ன்னு போட்டு பின்னாடி பொருள் பேரைச் சேர்க்கறது நம்மூர் வியாதி. அப்படிப்பட்ட பேரை ஒருத்தருக்கே எழுதிக் குடுக்கச் சட்டம் லேசுல சம்மதிக்காது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்ல. திண்டுக்கல்ல பாருங்க: ஆனந்த விலாஸ் பிரியாணி, நாகசாமி நாயுடு கட்டின தலப்பாவால 'தலப்பாக்கட்டி' ஆச்சு. அந்த மாதிரி தனிச்ச பேருக்குத்தான் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் மல்லுக்கட்ட முடியும்.

டிரேட்மார்க் தளத்துல தேடறது இலவசம். டிசைனருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க பேரைப் போட்டுப் பாத்துடுங்க.