கூட்டுறவு ஊரில் கூலி மென்பொருள் எதற்கு?

கூலித் தறி என்றால் என்னவென்று காஞ்சிபுரத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். பாவு, ஊடை, ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளியுடையது. நெய்கிறவருக்குக் கூலி மட்டும்தான். இதற்கு மாற்றாகத்தான் அங்கே பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் வந்தன.

ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் என்றால்? ஸ்டார்ட் பட்டனை அமுக்கு, வேர்டைத் திற, எழுத்தைப் பெரிதாக்கு! இது கல்வியா, ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் வேலையா?

"ஆபீஸில் அதைத்தானே கேட்கிறார்கள்" என்பார்கள். சரி, தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தையே பாருங்கள். பல வருடம் அதில் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். அதை விற்ற சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. 2011-ல் அந்தக் கடையையே மூடியது. பாடம் மட்டும் 2018-19 கல்வியாண்டு வரை ஓடியது! மூடிய கடையின் மெனுவைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். 2000-லேயே அதன் மூல நிரல் திறந்துவிடப்பட்டதால் ஓபன் ஆபீஸ் பிறந்தது. அதிலிருந்து 2010-ல் பிரிந்த லிப்ரே ஆபீஸ் இன்றும் வளர்கிறது. முதலாளி போனாலும் தறி நிற்கவில்லை.

காசு மிச்சம் என்பது இதில் சின்ன லாபம்தான். விலை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை திருட்டு சிடியைத் தேட வேண்டாம் என்பது பெரிய லாபம். டக்ஸ் பெயின்ட், ஜிகாம்பிரிஸ் போன்றவற்றை ஆசிரியரே காப்பி எடுத்து வகுப்புக்கே கொடுக்கலாம். சட்டமே அனுமதிக்கிறது.

"ஆசிரியர்களுக்கு லினக்ஸ் தெரியாதே?" நியாயமான கேள்வி. கேரளத்திலும் முதலில் தெரியாதுதான். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளை மாற்றினார்கள். இங்கே 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து காட்ட எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைத்தது?

காஞ்சிபுரத்தில் பாடத்தை எங்கே தொடங்குவது என்று தேடவே வேண்டாம். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒன்று, பூஜ்யம்! லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கட்டங்களுக்கு வண்ணமடித்து ஒரு மாங்காய் புட்டாவை வரையச் சொல்லுங்கள். கணினி எப்படி யோசிக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே புரியும். எந்தக் கம்பெனியின் லைசென்ஸும் அதற்குத் தேவையில்லை.