புதிய கேம் சாப்டும் இழுக்காத லொறியும்

காலபோக அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளைச் சுமந்த லொறிகள் ஏ-9 வீதி வழியே தெற்கு நோக்கிப் புறப்படும் பருவத்தில், பரந்தனிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் உள்ள கராஜ்களின் வாசலில் எழும் முறைப்பாடுகளுள் மிகவும் பரிதாபத்துக்குரியது, எஞ்சினைப் பிரித்துப் பெருஞ்செலவில் புதுக் கேம் சாப்ட் போட்ட பிறகும் "லொறி இழுக்குதில்லை" என்று உரிமையாளர் வந்து நிற்பதாகும். அதற்கு அவர் பெறும் பதில் பெரும்பாலும் இன்னொரு பாகத்தை வாங்கிவரச் சொல்வதாகவே இருக்கிறது. இன்ஜெக்டரை மாற்றிப் பார்ப்போம், அதுவும் சரிவராவிட்டால் பம்பை இறக்குவோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கரைகின்ற இந்த வழக்கத்தை வைத்தியம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

கேம் சாப்ட் சக்தியைத் தானே உற்பத்தி செய்வதில்லை. வால்வுகள் எந்தக் கணத்தில் திறக்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை மாத்திரமே அது நிர்ணயிக்கிறது. இரணைமடுக் குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும், மதகு உரிய வேளையில் திறந்து உரிய வேளையில் மூடாவிட்டால் கடைமடை வயலுக்குப் பிரயோசனம் இல்லாததுபோல, சிலிண்டருக்குள் காற்றின் வரவு காலம் தவறினால் எத்தனை டீசலை ஊற்றினும் அது கரும்புகையாகவே வெளியேறும். கிராங்க் சாப்ட் இரண்டு முறை சுழலும்போது கேம் சாப்ட் ஒரு முறை சுழல்வதால், இந்தக் காலக் கணக்கில் நேரும் சிறு பிசகும் இரட்டிப்பாகிறது. கேம் சக்கரத்தில் 40 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், பொருத்தும்போது ஒரே ஒரு பல் தவறினாலும் கேம் 9 பாகையும், கிராங்க் கணக்கில் 18 பாகையும் விலகிவிடும். அத்தகைய எஞ்சினும் ஸ்டார்ட் ஆகலாம், ஓடலாம். ஆனால் பாரத்தோடு ஏற்றம் கண்டவுடன் மூச்சு வாங்கும். வன்னி சமதரையாதலால் அந்தக் குறை இங்கே வெளிப்படாது, தம்புள்ளையைக் கடந்து மாத்தளை ஏற்றத்தில் ஏறும்போதே சாரதிக்குத் தெரியவரும்.

பொருத்தியதில் பிழை இல்லாமல், பொருத்திய பொருளே அந்த வண்டிக்கு உகந்ததாக இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்காவில் பெற்றோல் பிக்கப் வண்டிகளின் வேகத்தைக் கூட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் சாப்டைப் போட்டுவிட்டு, வண்டி முன்னிலும் சோர்ந்துபோயிற்றே என்று திகைப்பது பழைய கதை. அதன் காரணம் எளிது: பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பின்னரும் காற்று வரும் வால்வு திறந்தே இருப்பதால், வேகமாகச் சுழலும் எஞ்சினில் பாய்ந்து வரும் காற்று தன் வேகத்தினாலேயே தொடர்ந்து உள்ளே நுழைகிறது, மெதுவாகச் சுழலும் எஞ்சினிலோ, நுழைந்த காற்றில் ஒரு பங்கைப் பிஸ்டனே வந்த வழியாகத் திருப்பித் தள்ளிவிடுகிறது. ஆகவே சக்தியின் உச்சம் உயர்ந்த சுற்றுகளுக்கு இடம் பெயர, கீழ்ச் சுற்றுகளின் இழுவை குன்றிப்போகிறது. மூட்டை ஏற்றும் லொறி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 வரையான சுற்றுகளின் வட்டாரத்திலேதான். அதிலும் தீப்பொறியின்றி, அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் டீசல் எஞ்சினில், இவ்வாறு அமுக்கம் குறைந்தால் காலையில் ஸ்டார்ட் செய்வதே சிரமமாகி, வெண்புகையும் வரத் தொடங்கும். இன்னொரு மொடலின் கேம் சாப்ட் அச்சொட்டாகப் பொருந்துகிறது என்பது, அது நம் எஞ்சினுக்கு உரியது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எனினும், குற்றம் கேம் சாப்டின் மீது சுமத்தப்படும் சந்தர்ப்பங்கள் பலவற்றில் அது நிரபராதியாகவே இருக்கிறது. எஞ்சினை இறக்கி ஏற்றியபோது அக்சிலரேட்டர் கம்பி தளர்ந்து, மிதியை முழுவதும் மிதித்தாலும் பம்பின் கை முழுத்தூரம் போகாமல் நிற்பதுண்டு, காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருப்பதுண்டு, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதுமுண்டு. காசு செலவில்லாத இந்தப் பரீட்சைகளை முதலில் முடித்துவிட்டு, வால்வு இடைவெளியைத் தகட்டு அளவியால் அளக்க வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையில் இருக்கும். கூடினால் வால்வு குறைவாக உயர்ந்து விரைவில் மூடும், குறைந்தால் வால்வு சரியாக அமராமல் கருகும். அதன்பின் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒன்று மாத்திரம் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையோ ரிங்கையோ சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால், பல் தவறிய ரைமிங்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மசி பேர்குசன் 135 உழவு இயந்திரத்தின் பெர்க்கின்ஸ் எஞ்சின்போலப் புஷ் றொட் உள்ளவற்றில், அந்தக் கம்பியின் தலையில் டயல் கேஜை வைத்து எஞ்சினைக் கையால் சுழற்றினால், கேமின் எந்த மேடு தேய்ந்திருக்கிறது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். பழைய தப்பெற்றுகளைப் புதிய கேமோடு சேர்த்துப் போட்ட இடங்களில் இந்தத் தேய்வு வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. அனைத்துக்கும் மேலாக, டீசல் பம்பையும் கேமையும் ஒரே பற்சக்கரத் தொடர் சுழற்றும் எஞ்சின்களில், கேமுக்காக மூடியைக் கழற்றியவர் கேமின் அடையாளத்தைச் சரியாக வைத்துவிட்டுப் பம்பின் அடையாளத்தை மறந்துவிடுவது சாதாரண நிகழ்ச்சி. பம்ப் பிந்தினால் டீசல் பிந்தும், டீசல் பிந்தினால் இழுவை போகும். பழியோ புதுக் கேமுக்கு.

அளவு பாராமல் பாகம் மாற்றும் இந்த வழக்கம் எவ்வாறு வந்தது என்று யோசிக்குமிடத்து, நமது மெக்கானிக்குகளை இகழ எனக்கு வாய் வரவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் வருஷக்கணக்கில் ஓட வைத்தவர்கள் இந்த மண்ணின் தொழிலாளர்களே. கையேடும் கருவியும் பாகமும் இல்லாத காலத்தில், காதையும் விரல்களையுமே உபகரணங்களாகக் கொண்டு அவர்கள் புரிந்த சாதனைக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் எஞ்சினை எப்படியாவது ஓட வைக்கும் வித்தை ஒன்று, அதன் முழுச் சக்தியையும் வாங்கும் வித்தை வேறொன்று. பின்னது எண்களைக் கேட்கிறது. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் பொதுவாக மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், முதிர்ந்த லொறிகளையே மீண்டும் மீண்டும் புதுப்பித்து ஓட்டும் நிர்ப்பந்தமும், பொருந்தியதைப் போட்டுப் பார்க்கும் மனோபாவமும் மேலும் வேரூன்றின.

கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் உதவியோடு 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இளைஞருக்கு மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் போதிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அதே அறிவியல்நகரில்தான் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, நாற்பதும் ஐம்பதும் வயதாகி ஏற்கெனவே கராஜ் நடத்துகின்றவர்களுக்காக, அமுக்கமும் ரைமிங்கும் அளக்கும் வாரஇறுதி வகுப்புகளை மாவட்டந்தோறும் நடத்துவதும், வன்னியில் அதிகம் ஓடும் எஞ்சின்களின் அளவுகளைத் தமிழில் ஒரு சிறு கைநூலாக அச்சிட்டு வழங்குவதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல. டயல் கேஜும் அமுக்கமானியும் ஒரு கேம் சாப்டைவிட மலிவானவை. பெரிய கராஜ் ஒவ்வொன்றிலும் அவை இருந்தாக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

லொறிச் சொந்தக்காரருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. எஞ்சின் வேலை முடிந்ததும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும், வால்வு இடைவெளியையும், கேம், பம்ப் ஆகிய இரண்டின் ரைமிங் சரிபார்க்கப்பட்டதையும் பில்லிலேயே எழுதித் தரும்படி தயவுசெய்து கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் அடுத்த பாகத்தை வாங்காதீர்கள்.