போனை எடுங்கள், தோழர்களே!

இந்த நிமிடம் ஒரு குழந்தை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறது. மொட்டைத் தலை. நெஞ்சில் குழாய். பெற்ற தாயே கைகழுவி, முகக்கவசம் போட்டுத்தான் தொட முடியும். பழுதான எலும்பு மஜ்ஜையை மருந்தேற்றி அழித்துவிட்டார்கள். இனி ஒரே வழிதான். யாரோ ஒருவர் தரவேண்டிய, ரத்தத்தை உண்டாக்கும் ஒரு பை ஸ்டெம் செல்.

அந்த யாரோ ஒருவர் நம்மில் இருக்கிறார், தோழர்களே. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?

மஜ்ஜை மாற்று தேவைப்படும் நோய்களில் ரத்தப் புற்றுநோய் நமக்குத் தெரியும். எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைத் தெரியுமா? 'ஸ்கிட்' என்கிறார்கள் மருத்துவர்கள். பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஊர்க் குழந்தைகளையெல்லாம் காக்கிற பிசிஜி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது. அதுவே இந்தக் குழந்தைக்கு நோயாகிவிடும். ஆறாத வாய்ப்புண். நிற்காத பேதி. நிமோனியா. சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வம்.

காப்பாற்ற முடியாத நோயா இது? 1968-லேயே அமெரிக்காவில் இப்படி ஒரு குழந்தையை மஜ்ஜை மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்ததை 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மும்பையிலும் வேலூரிலும் 1980-களிலேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. மருத்துவர் இருக்கிறார். மருந்து இருக்கிறது. கொடையாளர் எங்கே?

கூடப் பிறந்தவரோடு திசு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒற்றைப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அப்பா அம்மாவின் பாதிப் பொருத்தத்தை வைத்தும் இன்று செய்கிறார்கள். அது பெரிய ஆறுதல். ஆனாலும் முழுப் பொருத்தமுள்ள ஒருவர் எங்கோ இருக்கும்போது அந்தக் கதவை நாம் ஏன் சாத்தி வைக்க வேண்டும்?

ஜெர்மனியில் சுமார் 1 கோடிப் பேர் ஸ்டெம் செல் கொடையாளராகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் வாழும் நம் நாட்டில் சில லட்சம்தான். இந்தப் பொருத்தம் வம்சாவளியாக வருவது. ஜெர்மன்காரர் கோடிப் பேர் வரிசையில் நின்றாலும் நம் வீட்டுக் குழந்தைக்குப் பொருந்துவது அரிது. நாம்தான் நிற்க வேண்டும். நாமேதான்!

பயமா? பேசிவிடுவோம். முதுகெலும்பில் ஓட்டை போடுவார்கள் என்பது கட்டுக்கதை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஐந்து நாள் ஊசி. எலும்பு வலிக்கும், தலை வலிக்கும், பாரசிட்டமால் கேட்கும். பிறகு நாலைந்து மணி நேரம் சாய்ந்து உட்கார வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போகும். ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மற்றக் கை வழியாகத் திரும்பி வரும். கொடுத்ததைச் சில வாரங்களில் உடம்பே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். இதனால் கல்யாணத்துக்கும் கேடில்லை, பிள்ளைப்பேற்றுக்கும் கேடில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் பயம் பாசத்தில் வருவது.

கொடையாளர் பதிவு முகாமில் நமக்கெல்லாம் வீரம் பொங்குகிறது. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், செல்ஃபி எடுக்கிறோம். வருஷங்கள் கழித்துப் போன் வருகிறது: "நீங்கள் ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறீர்கள்." அப்போது நேரான பதில் இல்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்." மறுநாள் ஸ்விட்ச் ஆஃப்.

தோழர்களே, அந்த மௌனம் கொல்லும்! மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் வற்புறுத்தக் கூடாது. மறுப்பதானால் முதல் போனிலேயே மறுத்துவிடுங்கள், அடுத்தவரைத் தேடுவார்கள். சரி என்று சொல்லி, குழந்தையின் மஜ்ஜையை அழித்த பிறகு பின்வாங்காதீர்கள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்குத் தேடவும் நேரமில்லை, திரும்பவும் வழியில்லை.

18 வயது நிறைந்தவர்களே, வாருங்கள்! 50-ஐத் தொடாதவர்களே, வாருங்கள்! இளையவர்களே, முதலில் வாருங்கள். மருத்துவர்கள் முதலில் தேடுவது உங்களைத்தான். சென்னையிலிருந்து 2009 முதல் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகம் இயங்குகிறது. இந்த வாரமே பெயர் கொடுங்கள். கல்லூரிக்கு முகாமைக் கொண்டுவாருங்கள். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். ஆலை வாசலில் பேசுங்கள்.

ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்களே! சிம் மாற்றினீர்களா? வீடு மாறினீர்களா? இன்றைக்கே பதிவகத்துக்குப் புது நம்பரைச் சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். எடுத்துப் பேசுங்கள்!